பெறுபேறுக்கு முந்தின சொல்

பிலிப்பியர் 4:13 ஐப் போல வேலை வாங்கப்பட்ட வேதவசனம் எங்கட ஊர்களில் வேறொன்று இல்லை. படிக்கிற மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும். ஓட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கும். ரியூசன் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கும். ஏ.எல் தொடங்க முந்தின ஞாயிறு, சோதினை எழுதுற பிள்ளைகளை முன்னுக்குக் கூப்பிட்டு, பேனைகளையும் சேர்த்து ஆசீர்வதிக்கும்போது சொல்லப்படுவதும் பெரும்பாலும் அதுதான். கிறிஸ்து பலம் தருவதால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்ற பொருளில் வருகிற அந்த வசனம் எங்கட காதில் விழுவது இப்படி: மூன்று ஏ எடுக்கலாம், இசட் புள்ளி இரண்டைத் தாண்டும், மெடிசின் கிடைக்கும்.

அதற்கு ஒரு வசனம் மேலே போய்ப் பாருங்கோ. பட்டினி கிடக்கவும் தெரியும், வயிறு நிரம்பச் சாப்பிடவும் தெரியும், இல்லாதபோதும் இருக்கிறபோதும் வாழப் பழகிவிட்டேன் என்று பவுல் சொல்லிக்கொண்டு வருகிறார். எழுதுகிற இடம் சிறை. வழக்கு எப்படி முடியும், உயிர் மிஞ்சுமா என்பது அவருக்கே நிச்சயமில்லை. அதே கடிதத்தின் முதலாம் அதிகாரத்தில் அதையும் எழுதியிருக்கிறார். ஆக, அவர் சொல்கிற "எல்லாம்" என்பதற்குள் பட்டினியும் அடக்கம். வழக்கில் தோற்பதும் அடக்கம். சோதினையில் கோட்டை விடுவதும் அடக்கம் என்றுதான் நாங்கள் வாசிக்கிறம். வெறுங்கையோடு நிற்கவும் தனக்குப் பெலன் உண்டு எண்டு ஒரு கைதி எழுதின வரியை, கைநிறைய அள்ளுறதுக்கான மந்திரமாக்கினது ஆர்?

ஒரு ஆளைக் கூண்டில் ஏற்ற ஏலாது. ஆனால் அமெரிக்காவில் 1952 இல் வெளிவந்த 'த பவர் ஒஃப் பொசிட்டிவ் திங்கிங்' என்ற புத்தகத்துக்கு அதில் நல்ல பங்கு உண்டு. அதை எழுதிய நோர்மன் வின்சென்ட் பீல் ஒரு வியாபாரி இல்லை, நியூயோர்க்கில் ஒரு சபையின் போதகர். முதல் அத்தியாயமே உன்னை நம்பு என்றுதான் தொடங்குகிறது. பிலிப்பியர் 4:13 ஐத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். அந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எங்கட ஊர் ஹோட்டல் மண்டபங்களில் தன்னம்பிக்கைக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். சில சபைகளின் வாலிபர் கூட்டத்துக்கும் அந்தக் கருத்தரங்குக்கும் வித்தியாசம் பிடிக்கிறது கஷ்டம். அதே மைக், அதே துள்ளல், அதே "உன்னால் முடியும்". ஒன்றின் முடிவில் கட்டண ரசீது, மற்றதின் முடிவில் ஆமென்.

எங்கட முறைப்பாட்டை இதிலேயே சொல்லிவிடுறம். சாதனையில் தங்கியிராத ஒரு துணிவைக் கிறிஸ்தவ விசுவாசம் தரும். நாங்கள் நம்புவது அதைத்தான், அதனால்தான் இன்னும் கோயிலுக்குப் போறம். ஆனால் எங்கட திருச்சபைகள் கத்தோலிக்கம், மெதடிஸ்த, தென்னிந்திய, பெந்தகொஸ்தே எண்ட பேதம் இல்லாமல் அந்தப் பொக்கிசத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, சந்தியில் ஏற்கெனவே மலிஞ்சு கிடக்கிற சாதனை மயக்கத்தைத் தீர்த்தம் தெளிச்சு விற்கின்றன.

சொல்லிலேயே தொடங்கலாம். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லைப் பிடிச்சுத் தொங்குற வியாதி இருக்கு, மன்னியுங்கோ. தன்னம்பிக்கை என்றால் தன்மேல் வைக்கிற நம்பிக்கை. நம்புகிறவனும் நான், நம்பப்படுகிறவனும் நான். பிணை கேட்டால் பிணையாளியும் நான்தான். வங்கியில் இப்படிப் போய்க் கடன் கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். தமிழ் வேதாகமம் விசுவாசம் என்றும் நம்பிக்கை என்றும் இரண்டு சொல்லை வேறாக வைத்திருக்கிறது. ஒன்று ஒருவர்மேல் சாய்வது, மற்றது வரப்போவதைக் காத்திருப்பது. இரண்டிலும் எதிரில் இன்னொருவர் இருக்கிறார். "தன்" என்ற முன்னொட்டு இரண்டிலும் இல்லை.

தன்னை நம்புறது கெட்டதெண்டு நாங்கள் சொல்லவில்லை. நீந்தத் தெரிந்தவனுக்குத் தண்ணீரில் தன் கைகால்மேல் ஒரு நம்பிக்கை வேணும்தான். பிரச்சினை, "நான் ஆர், எனக்கு இங்கே இருக்க இடம் உண்டா" என்ற கேள்விக்கும் அதே கைகாலையே பதில் சொல்லக் கேட்கிறபோது வருகிறது. அந்தப் பாரத்தை எந்தத் திறமையாலும் தூக்க ஏலாது.

எங்கட நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது இசட் புள்ளி. 2001 இல் பல்கலைக்கழக அனுமதிக்கு அது வந்தது. வேறு வேறு பாடங்களை ஒரே தராசில் வைக்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஏற்பாடாக அதில் குறை சொல்ல நாங்கள் ஆளில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறதென்று பாருங்கோ. உங்கட புள்ளியிலிருந்து எல்லாருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். அவ்வளவுதான். உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்லாது, மற்ற ஆக்களிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும். ஒரு பாடம் எடுத்த எல்லாருடைய இசட் புள்ளியையும் கூட்டினால் விடை பூச்சியம். ஒருத்தர் மேலே நிற்கவேணுமெண்டால் இன்னொருத்தர் கீழே நின்றே ஆகவேண்டும். நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் அடுத்த வருசம் இரண்டு மடங்கு கெட்டிக்காரர் ஆனாலும் கணக்கு மாறாது. இப்படிப்பட்ட எண்ணிலிருந்து ஒரு மனிசர் தன் பெறுமதியை எடுத்தால், அந்தப் பெறுமதிக்கு இன்னொரு ஆளின் தாழ்வு கட்டாயம் தேவைப்படும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி தவறினதைக் கேட்டு "ஐயோ பாவம்" சொல்லும்போது எங்கட சில வீடுகளில் குரலுக்குள் ஒளிஞ்சிருக்கிற அந்தச் சின்னச் சந்தோசம் எங்கிருந்து வருகுதெண்டு நினைக்கிறியள்?

அதுவும் ஏ.எல்லோடு முடிகிற விசயமில்லை. பத்து வயதில் புலமைப்பரிசிலில் தொடங்கி, ஓ.எல், ஏ.எல், எந்தப் பீடம், என்ன கிளாஸ், ஸ்டேட்ஸில் வேலையா, கனடாவா லண்டனா, பிறகு அதே பட்டியலைக் கலியாணப் புரோக்கர் கையில் எடுத்துச் சீதனத்தோடு பெருக்கிப் பார்க்கிறது வரைக்கும் போகும். எந்தப் படியிலும் "இது போதும், இரு" எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். மருத்துவபீடத்தில் படிக்கிற எங்கட நண்பர்கள் சிலரைப் பார்த்தால் இது நல்லா விளங்கும். மாவட்ட மட்டத்தில் பெயர் வந்த பிள்ளையள் அவையள். உள்ளே போனால் சுத்திவர எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான். முதல் றிப்பீற்றிலேயே ஆள் உடைஞ்சு போகுது. தோற்றவனுக்கு மட்டுமில்லை, வென்றவனுக்கும் இந்தத் தரை நிற்காது.

ரியூசன் நிலையங்கள் சந்திகளில் கட்டுகிற பனர்களை எல்லாரும் கண்டிருப்பம். படம், பெயர், பாடசாலை, ராங்க். பவுல் கடிதம் எழுதின பிலிப்பி நகரமும் கிட்டத்தட்ட அப்படியான இடம்தான். ஓய்வுபெற்ற படைவீரர்கள் குடியேற்றப்பட்ட உரோமக் குடியிருப்பு அது. இன்னார் இன்ன பதவி வகித்தார், இன்ன கௌரவம் பெற்றார் என்று வரிசையாக வெட்டின கல்வெட்டுகள் அங்கே தோண்டத் தோண்டக் கிடைத்திருக்கின்றன. அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல் மூன்றாம் அதிகாரத்தில் தன்னுடைய பனரையும் கட்டிக் காட்டுகிறார். எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் எபிரெயர், பரிசேயர், சட்டத்தின்படி குற்றம் காண முடியாதவர். எல்லாம் முதலாந்தரப் பெறுபேறு. கட்டி முடித்த கையோடு, கிறிஸ்துவை அறிந்த பிறகு இது முழுக்க எனக்குக் குப்பை என்கிறார். கிரேக்கத்தில் அவர் போடுகிற சொல் குப்பையைவிட மோசமானது. வீட்டில் சொன்னால் அம்மா வாயில் அடிப்பா. சிறையில் இருக்கிற மனிதன் தன் சேட்டிபிக்கற்றுகளைப் பற்றி இப்படி எழுதும்போது அது அடக்கம் காட்டுறதும் இல்லை, விரக்தியும் இல்லை. அவருக்கு நிற்க வேற இடம் கிடைச்சிட்டுது.

அந்த இடம் எது என்பதை மாற்கு நற்செய்தியின் முதல் பக்கத்திலேயே பார்க்கலாம். இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்றுக் கரையேறுகிறார். நீ என் அன்பான மகன், உன்னில் எனக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் வானிலிருந்து ஒரு குரல். இந்த நேரத்தில் மாற்கின்படி இயேசு என்ன செய்து முடித்திருந்தார்? ஒன்றுமில்லை. ஒரு நோயாளியைக் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கம் பண்ணவில்லை, ஒரு சீடன்கூட இல்லை. கலிலேயாவில் ஒரு சின்ன ஊர்த் தச்சன். பெறுபேறு வெளிவர முந்தியே தகப்பன் சந்தோசத்தைச் சொல்லிவிட்டார். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உடனே அவர் வனாந்தரத்துக்குப் போகிறார். அங்கே வருகிறவனுக்கு மத்தேயு தமிழில் சோதனைக்காரன் என்று பெயர். எங்கட ஊரில் பரீட்சையைச் சோதினை எண்டுதான் சொல்லுறம். இந்தப் பொருத்தத்தை நாங்கள் உண்டாக்கவில்லை, மொழியிலேயே கிடந்தது. சோதினைக்காரனுடைய கேள்வி எப்படித் தொடங்குது? நீ தேவனுடைய மகன் என்றால், இந்தக் கல்லை அப்பமாக்கு. நீ மகன் என்றால், கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டு. இப்பத்தான் யோர்தானில் எந்த நிபந்தனையும் இல்லாமல் சொல்லப்பட்ட ஒன்றுக்கு முன்னால் "என்றால்" ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறான். நிரூபி, பார்ப்பம் என்கிறான். இயேசு அந்த வினாத்தாளையே எழுத மறுத்துவிடுகிறார். அப்பம் செய்ய ஏலாமல் இல்லை, பிறகு ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுக்கிறார். மற்றவைக்குப் பசித்தபோது கொடுத்தார், தான் ஆர் எண்டு காட்டுறதுக்குக் கொடுக்கவில்லை.

எங்கட திருச்சபையிடம் நாங்கள் கேட்பது நேரடியான கேள்வி. பிள்ளைகளுக்கு நீங்கள் எந்தக் குரலாகப் பேசுறியள்? யோர்தான் குரலாகவா, வனாந்தரத்துக் குரலாகவா?

சரித்திரத்தைப் பார்த்தால் இந்த நோய் புதுசில்லை. அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினது. வானியலிலிருந்து தமிழ் இலக்கணம் வரை படிப்பித்தார்கள். அந்தக் காலத்து ஆசியாவில் அப்படியான கல்விக்கூடங்கள் மிகக் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். ஆனால் 1855 இல், மிஷன் தலைமைச் செயலாளர் ருஃபஸ் அன்டர்சன் அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன கையோடு, அந்தச் செமினரி மூடப்பட்டது. முக்கியமான காரணங்களில் ஒன்று, பிள்ளைகள் ஆங்கிலத்துக்காகவும் அரசாங்க உத்தியோகத்துக்காகவும் வருகிறார்கள், வேதத்துக்காக இல்லை என்பது. அதே காலத்தில் மறுகரையில் நின்று நாவலரும் அதையேதான் சொன்னார்: சம்பளத்துக்கும் உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள் என்று. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவின மனிதர் அவர். உள்வீட்டு விசயம் தெரியாமல் சொன்ன கதையில்லை. பொஸ்டனிலிருந்து வந்த மிஷனரியும் நல்லூர்ச் சைவரும் ஒத்துப்போன விசயங்கள் மிகக் கொஞ்சம். அதில் ஒன்று இது.

செமினரியை மூடினது சரியா பிழையா எண்டு இங்கே வாதாட வரவில்லை. (பிழை எண்டுதான் நினைக்கிறம். படிப்பு விசுவாசத்தின் எதிரி இல்லை.) சொல்ல வந்தது, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவம் பிறந்த வீட்டிலேயே வேதமும் உத்தியோகமும் ஒரே பாயில் படுத்துக்கிடந்தது எண்டதைத்தான். மிஷன் பள்ளிக்கூடங்கள் எங்களுக்குத் தந்த பெருமை மெய்யான பெருமை. ஆனால் ஒரு கட்டத்தில் கடவுளின் ஆசீர்வாதத்துக்குச் சாட்சி கேட்டால் ஆக்கள் பழைய மாணவர் பட்டியலை நீட்டத் தொடங்கிவிட்டார்கள். சமூகவியல் வகுப்பில் மக்ஸ் வேபர் படிச்ச ஆக்களுக்கு இந்த வழி தெரியும். நான் கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்ற பதற்றத்தில் இருந்த பழைய கல்வினிஸ்டுகள், தொழிலில் வருகிற வெற்றியை அதற்கு அடையாளமாகப் பார்க்கத் தொடங்கினார்கள் என்று 1904–05 இல் அவர் எழுதினார். இலவசமாகத் தரப்பட்ட கிருபையைக்கூட மனிசன் மாக்ஸ் ஷீற்றாக மாற்றிப்போடுவான்.

இப்போது சாட்சி நேரத்துக்கு வருவம். இதில்தான் எங்களுக்குக் கோபம் அதிகம்.

பெறுபேறு வந்த அடுத்த ஞாயிறு ஆர் மைக்குக்கு வருவது? பாஸ் பண்ணின பிள்ளையும் தாய் தகப்பனும். கர்த்தர் என்னைக் கைவிடவில்லை, அவர் பெரிய காரியம் செய்தார் என்கிறார்கள். நன்றி சொல்லத்தான் வேணும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஆராதனையில் பின்வாங்கில் இருக்கிற, மூன்று எஸ் எடுத்த பிள்ளைக்கு அந்த வசனம் எப்படிக் கேட்கும்? அவளுக்குக் கர்த்தர் என்ன செய்தார்? கைவிட்டாரா? பெரும்பாலும் அந்தக் கேள்வி எழும்ப இடமே இருக்காது, ஏனெண்டால் அந்தப் பிள்ளை பின்வாங்கிலும் இராது. எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, பெறுபேறு வந்த பிறகு ஏழு மாசம் கோயில் பக்கம் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். பாடற்குழுவில் பாடினவள். தாய் கேட்டவைக்கெல்லாம் தலையிடி, வயித்துக்குத்து எண்டு சொல்லிச் சமாளிச்சா. ஒருத்தரும் அவளைப் பேசவில்லை, ஏசவில்லை, விலக்கவில்லை. ஒன்றும் சொல்லாமலே அந்த இடம் தனக்குரியது இல்லை எண்டு அவளுக்கு விளங்கிவிட்டது. வரிதண்டுகிறவர்களோடும் பாவிகளோடும் சாப்பிட்டதற்காக ஏச்சு வாங்கின ஒருவருடைய பெயரில் கட்டின கட்டடத்துக்குள், ஏ.எல் பிழைச்ச பிள்ளைக்கு வர வெட்கமாக இருக்கிறது. இதைவிடக் கடுமையாக எங்கட திருச்சபையை விமர்சிக்க எங்களுக்குச் சொல் தெரியாது.

ஹென்றி நூவன் என்று ஒரு கத்தோலிக்கக் குரு இருந்தார், ஒல்லாந்தர். நோட்ரடாம், யேல், ஹார்வர்ட் எண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் படிப்பித்தவர். ஏராளம் புத்தகம் எழுதினவர். 1986 இல் அதையெல்லாம் விட்டுவிட்டுக் கனடாவில் ரொறொன்ரோவுக்குக் கிட்ட, அறிவுசார் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து வாழ்கிற டேபிறேக் என்ற குடியிருப்புக்குப் போனார். அங்கே அவருக்குத் தந்த வேலை, அடம் என்ற இளைஞனைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கிறது. அடமால் பேச முடியாது, தானாக நடக்க முடியாது, வலிப்பும் வரும். நூவனுடைய ஒரு புத்தகத்தைக்கூட அடம் வாசிக்கப்போவதில்லை. ஹார்வர்ட் என்றால் என்னவென்று அங்கே கனபேருக்குத் தெரியவும் தெரியாது. அப்ப நான் ஆர் என்ற கேள்வி அவருக்கு அங்கேதான் உண்மையாக வந்தது. அடமைத் தன் ஆசான் என்று பிறகு எழுதினார். அன்பைச் சம்பாதிக்க ஒன்றுமே செய்ய முடியாத ஒருவன் அன்புசெய்யப்படுகிறான் என்றால், தன் புத்தகங்களுக்கும் அந்த அன்புக்கும் தொடர்பில்லை என்பது அவருக்கு அங்கே பிடிபட்டது.

இதில் இரண்டு விசயத்தை மறைக்கக்கூடாது. ஒன்று, அங்கே போய் ஒரு வருசத்துக்கு மேல் ஆனபோது நூவன் கடுமையான மனச்சோர்வில் விழுந்து, 1987 முடிவிலிருந்து பல மாதங்கள் அந்தக் குடியிருப்பைவிட்டு விலகிச் சிகிச்சையில் இருந்தார். விசுவாசம் வந்தால் மனம் எப்பவும் தெம்பாக இருக்கும் எண்டு சொல்லுற ஆக்கள் பொய் சொல்லுகினம். இரண்டாவது, அந்தக் குடியிருப்பு சேர்ந்த லார்ஷ் அமைப்பைத் தொடங்கின ஜோன் வனியே, உயிரோடிருந்த காலத்தில் புனிதராகவே பார்க்கப்பட்டவர். அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துஷ்பிரயோகம் செய்தார் என்று 2020 இல் அந்த அமைப்பே விசாரித்து வெளியிட்டது. பக்தியும் ஒரு சாதனைதான். பெரிய பரிசுத்தவான் ஒருவரின் சாதனைமேல் எங்கட விசுவாசத்தைக் கட்டினால் அதுவும் ஒரு நாள் இடிஞ்சு விழும்.

நிலையான துணிவு என்று நாங்கள் சொல்லுறது ஒரு உணர்ச்சியை இல்லை. உணர்ச்சி வரும் போகும். பவுல்கூடத் தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டார், எடுக்கப்படவில்லை. திருமுழுக்கு யோவான் சிறையிலிருந்து ஆள் அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா என்று கேட்டார். துணிவு எங்களுக்குள் எவ்வளவு இருக்கு எண்டு அளந்து பார்க்கத் தேவையில்லை; சொன்னவர் சொல்லில் நிற்கிறார் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. கடல் கொந்தளிக்கிற இரவில் நங்கூரம் எங்கே கிடக்கு? வள்ளத்துக்குள் இல்லை.

கம்பஸில் எங்களோடு வாதாடுகிற தோழர்கள் மூன்று விதமாகக் கேட்பார்கள். முதலாவது, இது சோம்பேறிக்குச் சாட்டு என்பது. இதற்கு அதிகம் மினக்கெடத் தேவையில்லை. குப்பை எண்டு சொன்ன அதே பவுல், மற்ற எல்லாரையும்விடக் கூடப் பாடுபட்டேன் என்றும் எழுதியிருக்கிறார். பயத்தில் படிக்கிறவனைவிடப் பயமில்லாமல் படிக்கிறவன் நல்லாப் படிப்பான். கலைப்பீடம் எண்டதும் "ஓ, ஆர்ட்ஸா" எண்டு இழுக்கிற ஆக்களுக்கு முன்னால் கூச்சமில்லாமல் சங்க இலக்கியத்தையோ புவியியலையோ அதற்காகவே விரும்பிப் படிக்க ஒரு சுதந்திரம் வேணும். அந்தச் சுதந்திரத்தை எங்களுக்கு இந்த விசுவாசம்தான் தந்தது.

இரண்டாவது கேள்வி பாரமானது. வசதியான வீட்டுப் பிள்ளை பெறுபேறு முக்கியமில்லை எண்டு சொல்லலாம். முல்லைத்தீவில் தகப்பனைப் போரில் இழந்த வீட்டில், மூத்த பிள்ளையின்ர பட்டம்தான் சோறு. அவளிடம் போய் இந்தக் கதையைக் கதைப்பியளோ? கதைப்பம். ஆனால் கவனமாகக் கதைப்பம். சோறு வேணும். இயேசு கற்பித்த ஜெபத்தில் அன்றாட ஆகாரம் கேட்க ஒரு வரி இருக்கிறது, அதை ஆன்மீகமாக்கி நழுவ நாங்கள் தயாரில்லை. பட்டம் கிடைக்காவிட்டால் அந்த வீட்டுக்கு வருகிற கஷ்டம் உண்மையான கஷ்டம். ஆனால் அந்தக் கஷ்டத்தின் மேல் ஊர் ஏற்றுகிற இன்னொரு சுமை இருக்கிறது: நீ ஒண்டுக்கும் உதவாதவள் என்ற வெட்கம். பசியை உடனே தீர்க்க எங்களால் ஏலாமல் இருக்கலாம். வெட்கத்தை இறக்கிவைக்கத் திருச்சபைக்கு ஒரு சதமும் செலவில்லை. அதையும் செய்யாமல் அதற்கு மேல் இன்னொரு கல்லை ஏன் வைக்கிறியள் எண்டதுதான் எங்கட சண்டை. அபின் எண்டு மதத்தைச் சொல்லுற இடதுசாரி நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறம்: தகுதியிருந்தும் இடம் போதாமல் வருசாவருசம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியே விடுகிற ஒரு அமைப்பில், விழுந்த பிள்ளை அமைப்பைக் கேள்வி கேட்காமல் தன்னையே நொந்துகொள்ளச் செய்கிற அந்த "முயன்றால் முடியும்" தானே இன்றைக்கு எங்கட அபின்? தன் பெறுமதி அந்தப் பட்டியலில் இல்லை எண்டு தெரிந்த ஆளுக்குத்தான் பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்கத் துணிவு வரும்.

மூன்றாவது, இதற்குக் கிறிஸ்து எதற்கு, நீ பெறுமதியானவள் என்று ஒரு உளவளத்துணையாளர் சொன்னால் போதாதா? அவர் சொல்லட்டும், தேவையானபோது கட்டாயம் போகவேணும். ஜெபம் போதும் எண்டு தடுக்கிற சபைகளை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறம். ஆனால் எங்களுக்குச் சிலுவை தருகிற ஒன்று வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. வெளியே இருந்து பார்த்தால் இயேசுவின் பெறுபேறு என்ன? நண்பன் காட்டிக்கொடுத்தான், சீடர் ஓடினார்கள், சமயமும் அரசும் சேர்ந்து பிழையான ஆள் என்று தீர்ப்பெழுதின. கடவுள் அந்தத் தோற்ற மனிதனைத்தான் எழுப்பினார். எழும்பினவர் எங்கே போனார் எண்டும் பாருங்கோ. "அவமானப்படுத்தினவைக்கு முன்னால ஜெயிச்சுக் காட்டு" என்பதுதான் எல்லா தன்னம்பிக்கைப் பேச்சுக்கும் உச்சக்கட்டம், எங்கட சினிமாவுக்கும்தான். உயிர்த்த இயேசு பிலாத்துவின் மாளிகைக்குப் போகவில்லை. கயபாவின் கதவைத் தட்டவில்லை. அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனார். மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்குக் கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு, வந்து சாப்பிடுங்கோ என்று கூப்பிட்டார். பேதுருவிடம் அவர் விளக்கம் கேட்கவில்லை. நீ என்னை நேசிக்கிறாயா என்றுதான் கேட்டார்.

ஆகவே பாதர்மாருக்கும் போதகர்மாருக்கும் பாஸ்டர்மாருக்கும், மூப்பர்களுக்கும், பங்குச் சபைகளுக்கும் எங்கட கோரிக்கைகள் பெரிசில்லை. பேனையை ஆசீர்வதிக்கிறியளோ, ஆசீர்வதியுங்கோ. ஆனால் சோதினைக்கு முந்தின ஞாயிறு மட்டும் ஜெபம் வைக்காமல், பெறுபேறு வந்த அடுத்த ஞாயிறும் வையுங்கோ, சரிவராத பிள்ளைகளின் வீட்டுக்குத் திங்கட்கிழமையே நடந்து போங்கோ. மூன்றாந்தரமும் எழுதிக் கிடைக்காமல், இப்ப ஒரு கடையில் வேலைசெய்துகொண்டு, இன்னும் ஜெபிக்கிற ஒருவரை வருசத்தில் ஒருக்கா எண்டாலும் சாட்சி சொல்ல மைக்குக்குக் கூப்பிடுங்கோ. முடிவில் ஒரு நல்ல செய்தி இருந்தால்தான் சாட்சி எண்ட சட்டத்தை எடுத்துவிடுங்கோ. வாலிபர் கூட்டத்துக்குப் பேச ஆள் தேடும்போது, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்கிற பொறியியலாளரையே எந்த நாளும் பிடிக்காதேங்கோ.

அடுத்தது மாதாந்தப் பத்திரிகை. திறமைச் சித்தி பெற்ற எமது பங்கின் மாணவர்கள் எண்டு படத்தோடு ஒரு பக்கம் வருமே, அதை இந்த முறை நிப்பாட்டுங்கோ. பக்கம் வெறுமையாகப் போகுமெண்டு கவலையெண்டால், சோதினை எழுதின எல்லாருடைய பேரையும் போடுங்கோ. பெறுபேறு வேண்டாம். அகரவரிசையில் போடுங்கோ.